சீமை மரத்தடி மண்

வனத்துறை நர்சரியில் அவளுக்கு வைத்த பெயர் சீமைக்காரி. பிறந்ததென்னவோ நர்சரிக்கு எதிர்த்த தெருவில்தான். மலைச்சரிவு முழுக்க நிற்கிற மஞ்சள் பூ மரங்கள் கடல் தாண்டி வந்தவை. அவற்றின் நாற்றை வருடக்கணக்காக வளர்த்துக் கொடுத்தவள் என்பதால் அந்தப் பெயர். அவளுக்கு அதில் வருத்தம் இல்லை, பெருமைதான். வருகிற அதிகாரிகளெல்லாம் அவளுடைய பாத்திக்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

அவளுடைய ஓரகத்தி, அதாவது கொழுந்தன் பெண்டாட்டி, அதே நர்சரியில் மூலைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டாள். எல்லோருக்கும் அவள் சின்னவள். அந்த மலையிலேயே பிறந்த மரங்களின் விதையைக் காட்டில் பொறுக்கி வந்து போடுவாள். முளைத்தால் முளைக்கும். முளைத்தது ஒரு சாண் வளர்வதற்குள் நமக்கு நரைத்துவிடும். "என்னடி, உன் பிள்ளைங்க எந்திரிச்சாங்களா, இன்னும் தூக்கமா?" என்று சீமைக்காரி கேட்பாள். சின்னவள் சிரிப்பாள். மேலே இருப்பவளுக்குப் பாசமாக இருப்பதில் ஒரு சிரமமும் இல்லை. இரண்டு பேரும் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கைவிட்டுச் சாப்பிட்ட காலம் அது.

பிறகு சட்டம் வந்தது. காட்டு எல்லைக்குள் வெளிநாட்டு மரம் எதையும் இனி நடக்கூடாது. தோட்டத்தில் நட்டுக்கொள், சாலையோரத்தில் அனுமதி வாங்கி நட்டுக்கொள், காட்டுக்குள் மூச். நர்சரியிலிருந்து காட்டுக்குப் போகிற பாத்தியில் ஒரே ஒரு சீமை நாற்று கலந்திருந்தாலும் பாத்தி மொத்தமும் நிறுத்தப்படும். ரேஞ்சர் எல்லோரையும் கொட்டகையில் உட்காரவைத்துப் படித்துக் காட்டினார். சீமை மரம் ஓடைத் தண்ணீரை உறிஞ்சுகிறது, புல்வெளியை விழுங்குகிறது, தன் நிழலில் வேறொன்றைத் தலைதூக்க விடுவதில்லை என்றார். நேற்றுவரை அதே வாயால் அதைத் தங்கம் என்றவர். சொன்னது பொய்யில்லை, ஓடை வற்றியதை ஊரே பார்த்தது. அவள் முகத்துக்கு நேரே கொஞ்சம் மெதுவாகச் சொல்லியிருக்கலாம் என்பதுதான் என் கட்சி.

சின்னவளுக்கு வந்தது வாழ்வு. ஜீப் நேராக மூலைப் பாத்தியில் போய் நின்றது. பேப்பரில் படம் வந்தது. வீட்டில் இரண்டு குடும்பத்துக்கும் நடுவே ஒரே சுவர்தான். கொழுந்தன் அந்தப் பேப்பரை உரக்கப் படித்தது இந்தப் பக்கம் அட்சரம் பிசகாமல் கேட்டது. "நம்ம சின்னவளா! பரவாயில்லையே" என்றார் சீமைக்காரியின் வீட்டுக்காரர். அன்று அவர் சாப்பாட்டில் உப்பில்லை.

அவளுக்குப் பொறாமை. வேறு நல்ல பெயரெல்லாம் வைத்துப் பார்த்தாள், அது பொறாமையாகத்தான் இருந்தது. சின்னவளின் புதுச் செருப்பைப் பார்த்தால் வயிறு எரிந்தது. அவள் சிரித்தால் எரிந்தது. சிரிக்காவிட்டால் தலைக்கனத்தைப் பார் என்று இன்னும் எரிந்தது.

அந்த நேரம் பார்த்து நர்சரி மேஸ்திரி ஓய்வு பெற்றார். "மழைக்கு முன்னாடி வந்து பார்ப்பேன். ரெண்டு பேர்ல யார் பாத்தி காட்டுக்குப் போற மாதிரி இருக்கோ அவங்கதான் மேஸ்திரி" என்றார் ரேஞ்சர். சீமைக்காரிக்கும் மலை மரத்து விதை கொடுத்தார்கள். சின்னவள் முன்னால் நின்று இங்கே தண்ணீர் விடுங்கள், அங்கே களை எடுங்கள் என்று ஏவுவதை நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சின்னவள் தன் நாற்றுப் பைகளுக்கு உள்காட்டு மண்ணைக் கொண்டுவருவாள். எங்கே எடுக்கிறாய் என்று கேட்டிருந்தால் கையோடு கூட்டிப் போயிருப்பாள். கேட்பதாவது! சீமைக்காரி தன் நாற்றுகள் மரமாகி நின்ற பழைய தோப்புக்குப் போனாள். சீமை மரத்தடியில் இத்தனை வருடமாக இலை உதிர்ந்து மக்கிய கறுப்பு மண், கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்ந்தது. "என் மரத்து மண்ணு என்னைக் கைவிடாது" என்று சொல்லி அள்ளிவந்தாள். புழு பூச்சி எதுவும் மிஞ்சக்கூடாது என்று அண்டா அண்டாவாகத் தண்ணீரைக் கொதிக்கவைத்து அதன்மேல் ஊற்றினாள். ஆறியபிறகு பைகளில் நிரப்பி விதை போட்டாள்.

சீமை விதையின் தோல் கல் மாதிரி. உதிர்ந்த விதை மண்ணுக்குள் ஆண்டுக்கணக்கில் அசையாமல் கிடக்கும். வெந்நீர் பட்டால் விழித்துக்கொள்ளும். அந்த நர்சரியில் இது வேறு யாரையும்விட அவளுக்குத்தான் தெரியும். விதைப்பதற்கு முன்னால் அதன் தலையில் வெந்நீர் ஊற்றுவதே அவளுடைய பிழைப்பாக இருந்தது. ஆனால் அன்று அவள் மனசு மண்ணில் இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது.

மலை மரம் எட்டிப் பார்ப்பதற்குள் பைக்குப் பை இறகு மாதிரி இலையோடு சீமை நாற்று முளைத்து நின்றது. அவள் முகத்தில் ஈயாடவில்லை. காலையில் பிடுங்கினாள், சாயங்காலம் பிடுங்கினாள். பிடுங்கப் பிடுங்க வந்தது. மடியில் மறைத்துக் கொண்டுபோய் அடுப்பில் போட்டாள்.

"அக்கா, நான் வேணா கூட உட்கார்ந்து களை எடுக்கட்டுமா?" என்று சின்னவள் கேட்டாள்.

"ஏன், எனக்குக் கை விளங்காம போச்சா? உன் சோலியைப் பாரு."

ரேஞ்சர் வருகிற அன்று மதியம் எல்லோரும் கொட்டகையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். சீமைக்காரி மட்டும் கடைசியாக ஒருமுறை பாத்தியைத் துழாவினாள். ஒரு சீமை நாற்று வேரோடு முழுசாகக் கையில் வந்தது. வழக்கம்போல மடியில் போட்டிருக்கலாம். போடவில்லை. மூலைப் பாத்திக்கு நடந்தாள். நடுவரிசையில் ஒரு பையில் விரலால் குழி எடுத்து, நாற்றை இறக்கி, மண்ணை அணைத்தாள். தண்ணீர்கூடத் தெளித்தாள். பல மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் வயிறு குளிர்ந்தது.

ரேஞ்சர் முதலில் சீமைக்காரியின் பாத்திக்கு வந்தார். குனிந்த இடத்திலேயே ஒன்றைப் பிடித்துத் தூக்கினார். அது சாப்பாட்டு நேரத்தில் முளைத்திருக்கவேண்டும்.

"என்னம்மா இது? அன்னைக்கு அவ்வளவு படிச்சுக் காட்டினேனே. இந்தப் பாத்தி காட்டுக்குப் போகாது."

அவள் கண் மூலைப் பாத்தியில் இருந்தது. நான் போனால் நீயும் வாடி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

ரேஞ்சர் அங்கே வரிசை வரிசையாகப் பார்த்தார். நடுவரிசையில் குனிந்தார், நிமிர்ந்தார். "சுத்தமா இருக்கு" என்றார். மேஸ்திரி யார் என்று தனியாகச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஜீப் போனபிறகு சீமைக்காரி குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நடுவரிசையில ஒண்ணு இருந்துச்சு. சாப்பிட்டு வந்ததும் எடுத்துட்டேன்."

"எவ வெச்சாளோ" என்றாள் சீமைக்காரி.

"வேற யாராவது வெச்சிருந்தா வேர் மடங்கியிருக்கும்க்கா. இது ஊசி மாதிரி நேரா இறங்கியிருந்துச்சு. இங்க அப்படி நடத் தெரிஞ்சவங்க ஒருத்தர்தான்."

அந்த முகத்தில் கோபம் இல்லை, குத்தலும் இல்லை. அதுதான் தாங்கமுடியவில்லை. ரேஞ்சரிடம் சொல்லியிருக்கலாம். வீட்டில் நாலு பேருக்கு முன்னால் மானத்தை வாங்கியிருக்கலாம். ஒரு அறை விட்டிருந்தால்கூட சீமைக்காரி பதிலுக்கு ஒன்று விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். மேஸ்திரி வேலையை எடுத்துக்கொண்டவள் நல்லவள் என்ற பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டு நிற்கிறாள்.

"நாளைக்கு நாத்தெல்லாம் பெரிய பைக்கு மாத்தணும். நீங்க வந்து நட்டுக் கொடுத்தா நல்லாருக்கும்க்கா" என்றாள் சின்னவள். மேஸ்திரியாகி அவள் இட்ட முதல் வேலை, கெஞ்சுகிற குரலில்.

"வரேன்."

மறுநாள் போனாள். நாள் முழுக்கச் சின்னவளின் நாற்றுகளை நட்டாள். வேர் மடங்கினால் மரம் உருப்படாது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பையிலும் மடக்கிவிடத்தான் நினைத்தாள். விரல் கேட்கவில்லை.