அமுக்கினால் திறக்காத தலைப்பு

இணைப்பு ஒன்று சுற்றியுள்ள எழுத்திலிருந்து நிறத்தால் மட்டும் வேறுபட்டால் போதாது. அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறி அப்படித்தான் எதிர்பார்க்கிறது. அடிக்கோடு ஒன்று இழுத்தால் தீர்ந்தது. ஆயுள் முழுக்கக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவன் நான். விதி இருக்குமிடத்தில் அதைப் படிக்காதவரும் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும்.

மலையாளம் புழங்கும் மட்டாஞ்சேரியில் என் பக்கத்து வீட்டு அம்மாள் மாநகராட்சித் துப்புரவுப் பணியாளர். குடியிருப்புத் திட்டத்தில் அவருக்கு வீடு கிடைத்திருந்தது. கடைசித் தேதிக்குள் இணையத்தில் சம்மதம் பதிய வேண்டும். தவறினால் வீடு பட்டியலில் அடுத்தவருக்கு. மூன்று நாள் முயன்றும் பதியாமல், தேதி முடிந்த மறுநாள்தான் போனை என்னிடம் நீட்டினார்.

பக்கத்தின் உச்சியில் ‘சம்மதம் பதிவு’ என்று நீலத்தில், அடிக்கோட்டோடு ஒரு தலைப்பு. வெறும் அலங்காரம். அசல் இணைப்பு நாலாவது பத்தியின் நடுவே, கறுப்பு எழுத்துகளுக்கிடையே கரும்பழுப்பில் பதுங்கியிருந்தது. கணினியில் சுட்டியை மேலே கொண்டுபோனால் மட்டும் கோடு தெரியும். போனில் சுட்டிக்கு எங்கே போவது?

“கோடு போட்டதை விட்டுட்டு கோடில்லாததை ஞெக்க எனக்கென்ன பிராந்தா, சாரே?” என்றார். கோடில்லாததை அமுக்க அவருக்கென்ன பைத்தியமா? நியாயமான கேள்வி. அதையே மனுவாக எழுதினேன், கொஞ்சம் மரியாதையான சொற்களில்.

இருவரும் குடியிருப்புத் திட்ட அலுவலகம் போனோம். அங்கிருந்த குமாஸ்தாவுக்கும் வீட்டில் தமிழ்தான்.

“லிங்க் அங்கயேதான் இருக்கு சாரே. இவங்க நோக்கலை.”

“நீங்க போன்ல திறந்து காட்டுங்களேன்.”

திறந்தார். விரல் நேராக நீலத் தலைப்புக்குப் போனது. அமுக்கினார். மறுபடி அமுக்கினார். “நெட் ஸ்லோ” என்றார்.

“நான் மூணு நாள் ஞெக்கினேன். மோனே, நீ ஆபீஸ் பூட்டுற வைகுந்நேரம் வரையாவது ஞெக்கு” என்றார் அம்மாள். பக்கத்து மேசையில் சிரிப்பு எழுந்தது.

குமாஸ்தா சிரிக்கவில்லை. ஆனால் மனுவை வாங்கி, முத்திரை குத்தி, தான் கண்டதையும் குறிப்பில் எழுதினார். அந்த ஒரு வரி போதும். மேலே உள்ளவர் மறுக்க முடியாது. வீடு போகாது என்று அம்மாளிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. இரண்டு நினைவூட்டல் அனுப்பினேன்.

பதிலில் இரண்டே வாக்கியம்: இணைப்புக்கு அடிக்கோடு இடப்பட்டது, மனுதாரர் பதினைந்து நாளுக்குள் சம்மதம் பதியலாம். அம்மாள் தன் விரலாலேயே அமுக்கிப் பதிந்தார். கடிதம் வந்தது கர்க்கடகம் நாலாம் தேதி; நம் ஆடி போல, புது வீடு குடிபுக ஆகாத மாதம்.