முனியாண்டி சரிவில் நின்ற மோட்டார்

நல்லகாமனின் முகம் எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். பேர் தெரிந்தவர்கள் குறைவு. "அமெரிக்கா வண்டி டிரைவர்" என்றுதான் சொல்வார்கள். மேலவெளி வீதியில் நான் பூக்கட்டும் இடத்துக்கு எதிரே ஒரு அமெரிக்க மோட்டார் கம்பெனியின் கொட்டகை இருந்தது. காலையில் கொட்டகைக் கதவு திறந்ததும் முதலில் என்னிடம்தான் வருவான்.

"அக்கா, ஒரு முழம் குடு. வண்டிக்கு."

"ஒனக்குப் பொண்டாட்டின்னு ஒருத்தி வேணாமா? வண்டிக்கே பூ வச்சுக்கிட்டு இருக்க?"

சிரித்துக்கொண்டே பூவை வாங்கிப் போவான். அவன் பெண்சாதி சின்னத்தாய் காலராவில் போய்விட்டாள், பிள்ளையும் இல்லை என்பது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரியவந்தது. தெரிந்த பிறகு அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். உசிலம்பட்டிப் பக்கத்து ஊரில் பங்காளிகள் இருந்தார்கள். நல்லது கெட்டதுக்குக்கூட அவனைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. சமைப்பது, படுப்பது எல்லாம் அந்தக் கொட்டகையில்தான். வண்டியைத் துடைக்கும்போது அதோடு ஏதோ பேசிக்கொண்டிருப்பான். பூக்கட்டிக்கொண்டே கேட்பேன். வார்த்தை விளங்காது, வீட்டு ஆளோடு பேசுகிற தொனி மட்டும் விளங்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து நாலோ ஐந்தோ. அப்போதுதான் மதுரையில் பஸ் முதலாளிகள் பெருகிக்கொண்டிருந்தார்கள். எந்தக் கம்பெனி வண்டியை வாங்குவது என்று அவர்களுக்குள் ஓயாத பேச்சு. இங்கிலீஷ் கம்பெனி வண்டி கனமானது, கெட்டியானது. ஆனால் நம் ஊர் வெயிலில் தண்ணீர் கொதித்துவிடுகிறது என்றார்கள். அமெரிக்கக் கம்பெனி வண்டி லேசானது, குண்டுங்குழியில் தாவிப் போகும். ஆனால் நாள்பட நிற்குமா என்றார்கள். கடைசியில் முதலாளிகளே ஒரு பந்தயம் வைத்தார்கள். விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை மதுரைக்கும் சோழவந்தானுக்கும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜினை மூடி அரக்கு முத்திரை வைத்துவிடுவார்கள். பெட்ரோல் ஊற்றலாம், தண்ணீர் ஊற்றலாம். இன்ஜின் மட்டும் நிற்கக் கூடாது, நின்றால் தோற்றது. இரண்டும் நிற்காவிட்டால் அதிக நடை ஓடியதற்கு ஜெயம். ஜெயிக்கிற கம்பெனிக்கு ஜில்லா முழுக்க பஸ் வியாபாரம்.

அமெரிக்கக் கம்பெனிக்கு ஏஜண்டு தேவசகாயம், மதராஸ்காரர். அவர் நல்லகாமனைக் கூப்பிட்டுச் சொன்னது தெருவுக்கே கேட்டது.

"ஜெயிச்சா கம்பெனி இங்கேயே நிலையா இருக்கும். இந்த வண்டியும் ஒங்கிட்டேயே இருக்கும். தோத்தா கொட்டகையக் காலி பண்ணிட்டு வண்டியோட நான் மதராஸ் போயிருவேன். அதுக்கப்புறம் நீ ஒன் வழியப் பார்த்துக்க வேண்டியதுதான்."

நல்லகாமன் தலையை ஆட்டினான். ஆனால் அன்று சாயந்தரம் பூ வாங்க வந்தபோது அவன் முகம் சரியில்லை.

"அக்கா, பரவை தாண்டி கம்மாக்கரைச் சரிவுல முனியாண்டி இருக்காருல்ல..."

அவன் முடிக்கும் முன்னே எனக்குப் புரிந்துவிட்டது. அந்த முனிக்குச் சத்தம் ஆகாது. அந்தக் காலத்தில் வண்டிக்காரர்கள் அங்கே வந்ததும் மாட்டுச் சலங்கைக்குள் வைக்கோலைத் திணிப்பார்கள். மோட்டார் வந்த பிறகு டிரைவர்களும் அந்த வழக்கத்துக்கு வந்துவிட்டார்கள். ஏறும்போது ஹாரன் அடிக்காமல் மெதுவாகப் போவார்கள். மதுரைக்குத் திரும்பி இறங்கும்போது கரை மேலேயே இன்ஜினை அணைத்துவிட்டு, சரிவில் சத்தமில்லாமல் உருண்டு முனியைத் தாண்டுவார்கள்.

"ஒருநாள் உத்தரவு கேளு. கொடுக்க மாட்டாரா?" என்றேன்.

எலுமிச்சம்பழமும் சுருட்டும் பூவும் கொண்டுபோய் வைத்துக் கேட்டிருக்கிறான். பூசாரி திருநீறு கொடுத்து, "ஒருநாள்தானப்பா, பொறுத்துக்கிருவாரு" என்றாராம். ஆனால் சாமி உத்தரவுக்கு அடையாளமாகப் பல்லி சொல்லவில்லை. இருட்டும்வரை காத்திருந்தும் சொல்லவில்லை.

பந்தயத்தன்று ஒரு கம்பெனி வண்டியில் மற்றக் கம்பெனி ஆள் சாட்சியாக உட்கார வேண்டும். நல்லகாமன் பக்கத்தில் உட்கார்ந்தவன் மொக்கையன், இங்கிலீஷ் கம்பெனி கிளீனர். இனி நான் சொல்வது அவன் என்னிடம் சொன்னது.

"ஒங்க வண்டி மத்தியானத்துக்குள்ள படுத்துக்கிரும் மாப்ள. சோறு கொண்டு வந்திருக்கியா, நடந்து வரையில பசிக்கும்" என்று மொக்கையன் காலையில் சீண்டிக்கொண்டே வந்திருக்கிறான்.

படுக்கப் பார்த்தது இவர்கள் வண்டி இல்லை. உச்சி வெயிலில் இங்கிலீஷ் வண்டி ஆவி கக்கிக்கொண்டு சமயநல்லூரில் திணறியது. நிற்கவில்லை, ஆனால் ரொம்பவும் பின்தங்கிவிட்டது. நல்லகாமனுக்கு அதில் சந்தோஷம் இல்லை. சரிவில் இரைச்சலோடு இறங்குகிற ஒவ்வொரு தடவையும், "மன்னிச்சுக்க சாமி, மன்னிச்சுக்க" என்று உதடு மட்டும் அசைந்ததாம்.

கடைசி நடை. சோழவந்தானில் திரும்பியாயிற்று. வெற்றிலைக் கொடிக்கால்களுக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தான். மதுரைக்குப் போய்ச் சேர வேண்டியதுதான் பாக்கி. கம்மாக்கரை மேல் ஏறினார்கள். விடிந்ததிலிருந்து ஓட்டிய அசதி. நல்லகாமனின் கை பல வருஷமாக அந்த இடத்தில் எங்கே போகுமோ அங்கே போனது. சுவிட்சை அணைத்தது.

சத்தம் அடங்கியது. கண்மாய்த் தண்ணீர் கரையில் தட்டுவது கேட்டதாம். வண்டி தானாகச் சரிவில் இறங்கியது.

"மாப்ள! என்னய்யா செஞ்ச?"

"நான் செய்யல... கை செஞ்சிருச்சு."

மொக்கையன் முன்னும் பின்னும் பார்த்தான். ரோட்டில் ஆள் இல்லை. "சட்டுனு சுவிட்சப் போடு, கிளச்ச விடு. உருளுற வேகத்துல இன்ஜின் பிடிச்சுக்கிரும். நான் பார்க்கலன்னு சொல்லிர்றேன். அம்புட்டுத்தான்."

எதிராளி கம்பெனிக்காரன் அப்படிச் சொல்வான் என்று யார் நினைப்பார்கள்? நல்லகாமன் அவனைப் பார்த்தான்.

"நாளைக்கு இந்த முனி திருநீற நெத்தியில வச்சுக்கிட்டு, அப்பவும் பார்க்கலன்னு சொல்லுவியா மொக்கையா?"

மொக்கையன் வாயைத் திறந்தான். முனி சிலை அப்போது சரியாகப் பக்கத்தில் வந்தது. வாயை மூடிக்கொண்டான். நல்லகாமன் பிரேக்கை அழுத்தினான். வண்டி முனிக்கு எதிரில் நின்றது.

தோற்றுத் திரும்பியவனை ஏஜண்டு திட்டவில்லை. "ஏம்ப்பா?" என்றார். "சாமி எடம்ங்க" என்றான். அவர் உள்ளே போய்விட்டார். வண்டியைக் கூட்ஸ் ரயிலில் ஏற்றும் அன்று காலையிலும் நல்லகாமன் என்னிடம் ஒரு முழம் வாங்கினான். முதலில் கொட்டகை பூட்டிக் கிடந்தது, பிறகு பஞ்சு மூட்டைகள் வந்தன. "பாதியில நிறுத்துறவன்" என்ற பேர் வந்துவிட்டதால் எந்த முதலாளியும் அவனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மொக்கையன் மட்டும் தன் முதலாளியிடம் இரண்டு மூன்று தடவை அவனுக்காகப் பேசிப் பார்த்தான்.

பிற்பாடு, வேண்டுதல் ஒன்றைச் செலுத்த நான் அந்தக் கரைக்குப் போனேன். முனிக்குப் பக்கத்தில் பனையோலைக் குடிசை போட்டு நல்லகாமன் இருந்தான். விளக்குப் போடுவான், மோட்டார்களுக்கு ஊற்றக் குடத்தில் தண்ணீர் வைத்திருப்பான். கொஞ்சம் நரைத்திருந்தது.

"வாக்கா" என்றான். உட்காரத் துண்டை விரித்தான்.

"இங்கன தனியாவா இருக்க? பேச்சுத் தொணைக்கு ஆரு?"

"ரோட்டுல இப்ப எம்புட்டு பஸ்ஸு ஓடுதுங்குற! எல்லாம் இங்கிலீஷ் வண்டிதான்" என்றான். பிறகு குடத்தைச் சரித்து எனக்குத் தண்ணீர் வார்த்தான். "ஆனா, கரை மேலயே அணைச்சிர்றாங்கக்கா. வாரது தெரியல. நிமிந்து பார்த்தா முதுகுதான் தெரியுது."

நான் குடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஏதோ காற்றுப்போல் கடந்தது. திரும்பிப் பார்த்தேன். ஆள் நிறைந்த பஸ் ஒன்று சத்தமில்லாமல் சரிவில் போய்க்கொண்டிருந்தது. பஸ்ஸிலிருந்து யாரோ முனிக்கு வீசிய பூ ரோட்டில் கிடந்தது. நல்லகாமன் எழுந்துபோய் அதை எடுத்து, மண்ணைத் தட்டி, முனியின் காலடியில் வைத்தான்.