இரண்டாவது துண்டு

நீல மூடி போட்ட ஐஸ் பெட்டி அது. திறந்தால் வெள்ளையாகப் புகை வரும். தொண்ணூறுகளில் கோயமுத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவில் நான் ஆயா. வெயிலில் கெட்ட தோல் புற்றாக மாறுவதற்கு முன்னால், அதற்குள் எந்த மரபணு விழித்து வேலை செய்கிறது, எது அடங்கிப்போகிறது என்று பெரிய டாக்டர் ஆராய்ந்துகொண்டிருந்தார். வெட்டிய தோலை அந்த நொடியே ஐஸில் போடாவிட்டால் உள்ளே இருக்கிற சேதி அழிந்துவிடும் என்று அவர் சின்ன டாக்டர்களுக்குச் சொல்வதைத் தரை துடைத்தபடி பலமுறை கேட்டிருக்கிறேன். அஞ்சாவதோடு நின்ற எனக்கே அது புரிந்தது.

என் அண்ணன் மனைவியை, எங்கள் நங்கையாவை, நான்தான் அங்கே கூட்டிப்போனேன். பிறவியிலேயே நிறமில்லாதவர், இமைமுடிகூட வெளுப்பு. அன்னூர்ப் பக்கம் பருத்திக்காட்டு வெயிலில் நின்று நின்று புறங்கையெல்லாம் பொருக்குத் தட்டியிருந்தது. "உப்புத்தாளாட்ட இருக்குதுங்க. ஏனம் வெளக்க நாரே வேண்டாமுங்க" என்று டாக்டரிடமே சிரித்தார். ஆராய்ச்சிக்கு ஒரு துண்டு எடுத்துக்கொள்ளட்டுமா என்று பெரிய டாக்டர் கேட்டார். "ஒண்ணுதானுங்களே, எடுத்துக்குங்க" என்றார் நங்கையா.

துண்டை எடுத்துச் சின்ன டாக்டரிடம் கொடுத்துவிட்டுப் பெரிய டாக்டர் வார்டுக்குப் போனார். அரைமணி கழித்து நான் துடைக்கப் போனபோது, ஐஸ் பெட்டிக்குள் சோடா பாட்டில்கள். இடம் போதவில்லை என்று நங்கையாவின் தோல் இருந்த குப்பியை வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். நான் குனிந்து தரையைத் துடைத்தேன்.

பெரிய டாக்டரும் வந்து பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நேராக நங்கையாவிடம் போனார். "இன்னும் கொஞ்சம் எடுத்தாத்தாம்மா வைத்தியத்துக்குத் தெளிவாத் தெரியும்."

நங்கையா என்னைப் பார்த்தார். "ஏன் அம்மணி, எடுக்கோணுமா?"

டாக்டர் முகத்தை நிமிர்ந்து பார்த்தறியாதவள் நான். சரியென்று தலையை ஆட்டிவிட்டேன். ஊசி இறங்கும்போது நங்கையா என் விரல்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முடிந்ததும் சின்ன டாக்டர் ஒரு சோடாவை உடைத்துக் கொடுத்தார். "எத்தன தங்கமான மனுசரு!" என்று நங்கையா கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

பொருக்கெல்லாம் பிறகு மருந்தில் ஆறிவிட்டது. இன்றும் விருந்தாளி வந்தால் இரண்டு தழும்பையும் காட்டுவார். "எங்க அம்மணி அங்க இருக்கப்போய் எனக்கு ரெண்டு தடவ எடுத்துப் பாத்தாங்க. மத்தவங்களுக்கெல்லாம் ஒண்ணோட செரி." ஐஸ் பெட்டியில் இருந்த அந்தச் சோடாவைவிட, அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிற என்மேல்தான் அருவருப்பு அதிகம்.

வாயால் சொல்ல இத்தனை வருஷமாக வரவில்லை, அதனால் இதை எழுதினேன். நங்கையா தாளைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். வாசித்து முடிக்கும்வரை நான் எழுந்து போகாமல் எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும்.