கால் வழியாக ஏறிய பிரஷர்

சின்ன வயதிலேயே அடிபட்டு என் இடது கண் போய்விட்டது. இருந்த வலது கண்ணிலும் புரை விழ, உப்பளத்தில் வரப்பு எது, பாத்தி எது என்று தெரியாமல் இரண்டு முறை விழுந்தேன். ஆபரேஷனுக்குப் பாண்டி ஆஸ்பத்திரிக்குப் போனால், பிரஷர் அதிகம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். பிரஷர் பார்க்கக் கையில் பட்டையைக் கட்டியதுமே எனக்கு நெஞ்சு தடதடக்கும், நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

என் வீட்டுக்காரர்தான் காரணம் கண்டுபிடித்தார். "வருஷக்கணக்கா உப்புல நிக்கிற. கால் வழியா ஏறிடுச்சு."

பதினைந்து நாள் இரண்டு காலிலும் பிளாஸ்டிக் கவரைக் கட்டிக்கொண்டு சரக் சரக்கென்று உப்பு வாரினேன். ஆள்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். வீட்டில் உப்பில்லாத மீன் குழம்பு. நாலாவது முறை போனபோது பிரஷர் இன்னும் ஏறியிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறியிருப்பேன். பஸ் போர்டு படிக்கத் தெரிந்தாலும் கண் தெரியாதே.

டாக்டரம்மா கவர் கதையைச் சிரிக்காமல் கேட்டார். "கால் வழியா எதுவும் ஏறலம்மா. நாம சொல்லாமலே வேலை செய்யற நரம்புங்க ரெண்டு கூட்டம் இருக்குது. ஒண்ணு, நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நேரா முதுகுத்தண்டுலேர்ந்து கிளம்பும். பயந்தா இதயத்தை விரட்டும், ரத்தக்குழாயை இறுக்கும், கண்மணியை விரிக்கும். இன்னொண்ணு மூளையோட அடியிலேர்ந்தும் முதுகுத்தண்டு முடியற எடத்துலேர்ந்தும் வரும். இதயத்தை நிதானமாக்கும், சோறு செரிக்க வைக்கும். ரெண்டும் எப்பவும் வேலையிலதான் இருக்கும். இங்க வந்தா உங்களுக்கு முதல் கூட்டம் ஓவரா ஆடுது."

கண்ணைச் சோதிக்க என் கண்மணி விரிய மருந்து விட நர்ஸ் வந்தாள்.

"பயந்தாலே விரியும்னாங்க. எனக்கு எதுக்கு மருந்து?" என்றேன்.

"அது பத்தாதும்மா" என்றாள்.

அடுத்து டெஸ்ட்டுக்கு என் கையில் ரத்தம் எடுத்தார்கள். பக்கத்தில் "பயப்படாத, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் ஊசியைப் பார்த்தார். அப்படியே சரிந்து விழுந்தார்.

"இவருக்கு ரெண்டாவது கூட்டம் ஓவரா ஆடிடுச்சு. இதயத்தை ரொம்ப அடக்கிடுச்சு" என்று டாக்டரம்மா அவர் காலைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் வாய்விட்டு அழுதேன். இந்த ஆள் இல்லாமல் கண்ணை வைத்துக்கொண்டு நான் எதைப் பார்ப்பது?

சிறிது நேரத்தில் கண் திறந்தவர், "இவளுக்கு பிரஷர் எறங்கிடுச்சா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து ஓய்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து பட்டை கட்டியதைக்கூடக் கவனிக்கவில்லை. பிரஷர் இறங்கியிருந்தது. அன்று மத்தியானமே ஆபரேஷன் முடிந்தது.

மறுநாள் கட்டைப் பிரித்தார்கள். அவர் முகத்தைத்தான் தேடினேன். ரத்தம் இருக்குமோ என்று பயந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றிருந்தார். சட்டை முதுகில் தையல் விட்டிருந்தது, நூல் நூலாகத் தெரிந்தது. எத்தனை மாசமாக அப்படியே போட்டுக்கொண்டு என்னைக் கைபிடித்துக் கூட்டிப் போனாரோ.