காலி இடம் என்று எழுதினேன்

கடப்பாரை மண்ணில் இறங்கும் சத்தம் கேட்டால் என்னால் உட்கார முடிவதில்லை. ஒரு வாரமாக எங்கள் தெருவில் குடிநீர்க் குழாய்க்குப் பள்ளம் தோண்டுகிறார்கள். ணங் என்று ஒரு அடி, பிறகு மண் சரியும் மெல்லிய ஓசை, மறுபடி ணங். ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கிறது. எழுந்து எழுந்து போய்ப் பார்க்கிறேன், எந்த இடத்தைத் தோண்டுகிறார்கள் என்று.

நான்கு வருடத்துக்கு முன்னால், அக்டோபர் கடைசி. ஏரலுக்குக் கொஞ்சம் மேற்கே, தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன ஊர். ஐப்பசி மழையில் ஆறு செம்மண் நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. கல்லறைத் திருநாளுக்கு ஐந்து நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் செத்தவர்களை எரிப்பார்கள். மறுநாள் சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டுக் குளித்து வருவார்கள். அதோடு சரி, ஆறு எல்லாப் பெயரையும் ஒரே தண்ணீராக்கிக் கொண்டுபோய்விடும். அதனாலோ என்னவோ, கல்லில் பெயர் வெட்டி ஒருவரை ஓரிடத்தில் இருக்கச் சொல்வது எனக்குத் தீராத ஆச்சரியம். வாத்தியார் வேலை; பள்ளிக்கூடம் விட்டால் பைக்கை எடுத்துக்கொண்டு பழைய கல்லறைத் தோட்டங்களில் அலைவேன். வீட்டில் இருப்புக் கொள்ளாது. பழைய கையெழுத்து, பழைய தமிழ் எண்கள் எல்லாம் படிக்க வரும்.

என்னோடு வேலை பார்க்கும் அண்ணாச்சி ஒருவர் அந்த ஊர்க் கிறிஸ்தவக் கோயில் கமிட்டியின் செயலாளர். "சும்மா அலையுததுக்கு எங்க அடக்கப் பதிவேட்டை எழுதிக் குடுமேவே" என்றார். யாரை, எந்த நாளில், எந்தக் குழியில் அடக்கம் செய்தார்கள் என்ற கணக்கு அது. கறையான் தின்ன தடித்த நோட்டுகள். இரண்டு மாதம் உட்கார்ந்து பிரதி எடுத்தேன். கூடவே தோட்டத்துக்கு ஒரு வரைபடம் போட்டேன். மேற்குச் சுவரை ஒட்டிய நீளமான துண்டு நிலத்துக்கு எந்த நோட்டிலும் குழி எண் இல்லை. அதில் 'காலி இடம்' என்று என் அழகான கையெழுத்தில் எழுதினேன். கமிட்டியும் சந்தோஷமாக அங்கேயே தண்ணீர்த் தொட்டி கட்ட முடிவு செய்தது.

வேலை தொடங்கிய காலையில் நானும் போயிருந்தேன். கொத்தனார் நூல் பிடித்து, கடப்பாரை நாலு குத்துத்தான் இறங்கியிருக்கும். கேட்டுக்குள் ஒரு அம்மா வந்தார். அறுபது வயது இருக்கும். குலசேகரன்பட்டினத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தவர். திருநாள் கூட்டத்துக்கு முன்பே வந்துபோவது அவர் வழக்கமாம். கையில் ஒரு மெழுகுவர்த்தி, கொஞ்சம் கேந்திப்பூ. பெயர் வெட்டிய கல் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. நேராக மேற்குச் சுவருக்கு வந்தார். பள்ளத்தைப் பார்த்தார். அதற்குப் பக்கத்து ஈரமண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, எந்திரிங்க. வேலை நடக்கில்லா?" என்றார் செயலாளர்.

"எம்பிள்ள இங்கன கிடக்கு."

"இங்கன ஒண்ணும் கிடையாது. சார் எல்லா நோட்டையும் பாத்து எழுதிட்டாரு."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "நோட்டுல இல்லன்னா நான் பெறலன்னு ஆயிருமா, சார்?"

எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு செய்த வேலை. எந்த வருடம், எந்த மாதம் என்று கேட்டேன். சொன்னார்; அப்போது இந்த ஊர்த் தெற்குத் தெருவில் குடியிருந்தார்களாம், வீட்டுக்காரர் தச்சராம். கோயிலுக்குப் போய் அந்த நோட்டை எடுத்து அந்த மாதத்தை வரிவரியாகப் பார்த்தேன். இல்லை. திரும்பி வரும்போது என் நடையில் ஒரு துள்ளல்கூட இருந்திருக்கும். நான் எழுதியது சரி என்ற துள்ளல். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"இல்லையேம்மா."

அவர் அழவில்லை. "இங்கன ஒரு வேம்பு நின்னுச்சு. அதையும் வெட்டிட்டீய" என்றார். மெழுகுவர்த்தியை மடியில் வைத்துக்கொண்டு மண்ணைத் தடவிக்கொண்டிருந்தார். செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கொத்தனாருக்கு மத்தியானம் வேற வேலை இருக்கு. என்ன செய்யணும்னு சீக்கிரம் சொல்லும்வே" என்று என்னிடம் எரிந்து விழுந்தார். நான் நின்றேன், நடந்தேன், மறுபடி நின்றேன்.

தள்ளி, ஒரு கல்லறையில் பழைய மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தார் கோயில்பிள்ளை. மணி அடிப்பதிலிருந்து குழிக்கு இடம் காட்டுவதுவரை கோயில் வேலையெல்லாம் பார்ப்பவர். தலையை நிமிர்த்தாமலே கேட்டார்: "பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தாச்சா, தாயி?"

"அதுக்குள்ள போயிட்டுதே."

"அப்போ முன்னால தேடுனா எப்படிக் கிடைக்கும்? ஞானஸ்நானம் வாங்காத பிள்ளையள அந்தக் காலத்துல முன்பக்கம் எழுத மாட்டாவ. நோட்டக் கவுத்துப் பிடிச்சு, பின்னாலேருந்து பாருங்க சார்."

கோயிலுக்கு இருந்த நூறடி தூரத்தை நான் ஓடித்தான் கடந்தேன். நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பின் அட்டையைத் திறந்தேன். இருந்தது. பொடிப் பொடியாக, நெருக்கி நெருக்கி, பக்கம் பக்கமாக. முன்பக்கத்திலிருந்து வந்தவன் நான். கடைசிப் பதிவுக்குப் பிறகு நாலைந்து வெற்றுத் தாள்கள் வந்ததும் நோட்டு முடிந்தது என்று மூடிவைத்துவிட்டேன். அந்த வெற்றுத் தாள்களுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன ஊரே தலைகீழாகப் படுத்திருந்தது. பெயரில்லாத ஊர். 'வண்டிக்காரர் பிள்ளை. ஆண். ஒரு நாள்.' 'சலவைக்காரர் பிள்ளை. பெண். இரவு மட்டும்.' பெரும்பாலானவற்றுக்கு முடிவில் 'சுவரோரம்', சிலவற்றுக்கு அடிக்கணக்கும். நான் 'காலி' என்று எழுதிய இடத்தில் இத்தனை பேர்.

நோட்டைத் தூக்கிக்கொண்டே தோட்டத்துக்கு வந்தேன். எல்லாரும் கேட்கும்படி வாசித்தேன்: "தெற்குத் தெரு தச்சர் பிள்ளை. பெண். மூன்று மணி நேரம். வேம்புக்கு மேற்கே, சுவரிலிருந்து ஏழு அடி."

கொத்தனார் தானாகவே டேப்பை எடுத்து வந்தார். சுவரிலிருந்து இழுத்தார். ஏழு அடி, அந்த அம்மாவின் சேலை மடிப்பில் போய் முடிந்தது. பள்ளத்தின் விளிம்பு அங்கிருந்து ஒரு முழம்கூட இல்லை.

அந்த அம்மா டேப்பின் நுனியைத் தொட்டுப் பார்த்தார்.

"மூணு மணி நேரம் இல்ல சார். மூணே முக்கா."

செயலாளர் மெதுவாகச் செருப்பைக் கழற்றினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கமிட்டிக்கு யாருவே பதில் சொல்லுதது?" என்றார். "நான் சொல்லுதேன் அண்ணாச்சி. தப்பு என்னுது" என்றேன். வரைபடத்தில் 'காலி இடம்' என்பதைச் சிவப்பு மையில் அடித்தேன். தொட்டியைக் கேட் பக்கம் மாற்றினார்கள். கடப்பாரைக்காரர்கள் பள்ளத்தைக் கையாலேயே மூடினார்கள், மண்வெட்டி படாமல். அந்தப் பதிவுக்குப் பக்கத்தில், நோட்டைக் கவிழ்த்துப் பிடித்தபடி, 'மூன்றே முக்கால்' என்று திருத்தி எழுதினேன். அது மட்டும்தான் அந்த அம்மா என்னிடம் கேட்டது.

பஸ் நிறுத்தம்வரை கூடப் போனேன். எங்களில் எரிப்பதுதான், இந்த வழக்கமெல்லாம் எனக்குத் தெரியாது என்று வழியெல்லாம் மன்னிப்புக் கேட்டபடியே நடந்தேன். அவருக்கு அது சலிப்பாக இருந்திருக்க வேண்டும்.

"அது கிடக்கட்டும். உங்க ஆளுவள எரிப்பீயல்லா? பச்சப்பிள்ளைய என்ன செய்வீய?"

"புதைப்போம்மா."

"எங்கன?"

"ஆத்தங்கரையில."

"எங்க எழுதி வப்பீய?"

எனக்கு முன்னால் பிறந்த ஒரு அக்கா, பதினோரு நாள் இருந்ததாக அம்மா ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். ஆற்றங்கரையில் எந்த இடம் என்று நான் கேட்டதே இல்லை. அம்மாவும் போய்விட்டாள்.

கொஞ்ச தூரம் போய் அவரே கேட்டார். "இந்த ஒரு ஊருதானா நீங்க எழுதுனது?"

"இன்னும் ரெண்டு ஊரு எழுதிக் குடுத்துட்டேன். அதுலயும் வரைபடம் போட்டிருக்கேன்."

"அதுல பின்பக்கம் பாத்தீயளா?"

அந்த நோட்டுகளையும் முன்பக்கம் முடிந்ததும் மூடித்தான் வைத்திருந்தேன். அன்றிலிருந்து இன்றுவரை எந்தப் பழைய நோட்டு கைக்கு வந்தாலும் தலைகீழாகத்தான் முதலில் திறக்கிறேன். காலி என்ற சொல்லை எழுதப் போகும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது, அது நிற்பதுதான் நல்லது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் அன்று பஸ் வரும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பஸ் வந்து நின்றது. அவர் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்தபடி திரும்பினார்.

"அப்போ இன்னும் என்னத்துக்கு இங்கன நிக்கீய?"