நான் பார்த்து வைத்த இடம்

ஒரு மார்கழி மாதக் காலையில், முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போகும் வழியில், ஒரு மான் என் காரில் மோதியது. நான்தான் மானில் மோதினேன் என்று என் கணவர் இன்றைக்கும் திருத்துவார். பொலிஸுக்குப் போன் அடித்தேன். பொலிஸ் வேறொருவருக்கு அடித்தது. அரை மணி நேரத்தில் பச்சைச் சட்டை போட்ட ஒருவர் வந்து மானைத் தூக்கித் தன் வண்டியில் போட்டார். அந்தப் பக்கத்துக் காட்டையும் வயலையும் வேட்டைக்கென்று குத்தகைக்கு எடுத்திருப்பவர் அவர். அங்கே மான் செத்தாலும் அது அவர் பொறுப்பு. நாளைக்கும் இந்த வளைவில் மெதுவாகப் போ, இங்கேதான் அவை கடக்கும் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறப்போனார். எப்படித் தெரியும் என்று கேட்டேன். நிலத்தைப் பார்த்தால் தெரியும் என்றார். நான் பார்த்தேன். புல்லும் சேறும்தான் தெரிந்தன. எனக்குத் தெரியாத ஒன்று இன்னொருவருக்குத் தெரிந்தால் என்னால் பொறுக்க முடியாது. அது என் பிறவிக் குணம்.

இப்படித்தான் நாற்பத்து மூன்று வயதில் வேட்டைச் சோதனைக்குப் படிக்கப் போனேன். ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் கெல்சென்கிர்ச்சனில் என்னைத் தெரிந்த தமிழ்ச் சனம் முழுக்க வாயில் கைவைத்தது. ஒரு பொம்பிளை, அதுவும் வெள்ளிக்கிழமை மரக்கறி சாப்பிடுகிற பொம்பிளை, துவக்கு தூக்கப் போகிறாளாம். நான் யாருக்கும் விளக்கம் சொல்லப் போகவில்லை. வகுப்பில் முதல் நாள் பின்வரிசையில் இன்னொரு கறுத்த தலையைக் கண்டபோது உண்மையாகவே எனக்குச் சந்தோஷம் பொங்கியது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர், கார்களுக்கு வர்ணம் அடிக்கும் பட்டறையில் வேலை செய்பவர். நீங்கள் யாழ்ப்பாணமோ என்று அவர் கேட்க, ஓம் என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணை, நான் அவருக்குத் தங்கச்சி. ஜெர்மன் மரப் பெயர்களை இரண்டு பேரும் போனில் ஒருவரையொருவர் கேட்டுக் கேட்டுப் பாடமாக்கினோம். இரண்டு பேரும் ஒரே நாளில் பாஸ்.

சோதனை பாஸ் பண்ணினால் காட்டுக்குள் போகலாம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இங்கே ஒவ்வொரு துண்டுக் காட்டுக்கும் ஒரு குத்தகைக்காரர் இருக்கிறார். அவர் ஓம் என்று சொன்னால்தான் நீங்கள் வேட்டைக்காரர். இல்லாவிட்டால் சட்டைப்பையில் ஒரு அட்டை இருக்கும், அவ்வளவுதான். எனக்கு நினைவில் வந்தவர் அந்தப் பச்சைச் சட்டைக்காரர்தான். தேடிப் போய்க் கேட்டேன். சிரித்துக்கொண்டே சரி என்றார். அப்போது நானாகத்தான், என்னோடு படித்த இன்னொரு தமிழரும் இருக்கிறார், அவரையும் எடுங்கள் என்று கேட்டேன். இதை மறக்கவேண்டாம். நானாகத்தான் கேட்டேன்.

அவர் இரண்டு பேரையும் ஒரு வருடத்துக்குப் பரீட்சார்த்தமாக எடுத்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒருவருக்குத்தான் நிரந்தர இடம் என்று முதல் நாளே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அவருக்குச் சுடத் தெரிந்தவர் தேவையில்லை, நிலத்தை வாசிக்கத் தெரிந்தவர்தான் தேவை. பனிக்காலம் முழுக்க நடந்து திரியுங்கள், ஏறி இருந்து மானுக்குக் காத்திருக்கும் பரண் இல்லாத ஓர் இடத்தில் புதிதாக ஒரு பரண் வைக்க ஏற்ற இடமாகப் பார்த்துச் சித்திரை மாதத்துக்குள் எனக்குக் காட்டுங்கள் என்றார். எனக்கு அந்த நிரந்தர இடம் வேண்டும். வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசைப்பட்டுக் கேட்டவை அதிகம் இல்லை.

முதல் இரண்டு மாதம் நான் எல்லாத் தொடக்கக்காரரும் செய்கிற முட்டாள்தனத்தையே செய்தேன். வடிவான இடமாகப் பார்த்துப் போய் நின்றேன். காட்டு நடுவே ஒரு வெளி, சுற்றிவர பேர்ச் மரங்கள், காலண்டரில் போடலாம். மான் அங்கே காலண்டருக்குப் போஸ் கொடுக்க வரும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நாய் கொண்டு நடப்பவர்கள்தான் வந்தார்கள், வணக்கம் சொன்னார்கள், போனார்கள்.

பிறகு ஒரு நாள் முதியோர் இல்லத்தில், பேச்சு முழுக்கப் போய்விட்ட ஒரு கிழவரின் அறையைத் துப்புரவாக்கிக்கொண்டு நின்றபோது எனக்கு விளங்கியது. அவர் எங்கே இருக்க விரும்புகிறார், எதற்குப் பயப்படுகிறார் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. கம்பளத்தில் தேய்ந்த கோட்டையும், கதிரையின் எந்தக் கையில் அழுக்குப் பிடித்திருக்கிறது என்பதையும் பார்த்து நான்தான் அறிந்து வைத்திருந்தேன். பதினெட்டு வருடமாக இந்த வேலையைத்தான் செய்கிறேன். மானுக்கும் இதுதானே.

அதற்குப் பிறகு நான் மானைத் தேடவில்லை. அது எங்கே படுக்கிறது, எங்கே சாப்பிடுகிறது, இரண்டுக்கும் நடுவே எந்த வழியால் ஆள் கண்ணில் படாமல் போகிறது என்று தேடினேன். பழைய ரயில் பாதை ஒன்று தண்டவாளம் கழற்றப்பட்டு வெறும் மண்மேடாகக் கிடந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் முட்செடிப் பற்றை, இந்தப் பக்கம் கோதுமை வயல். முட்செடியில் ஆள் முழங்கால் உயரத்துக்கு இலைகள் கடிக்கப்பட்டிருந்தன. பற்றைக்குள்ளே சருகை ஒதுக்கி மண்ணை வெறுமையாக்கிய படுக்கை இடங்கள் நாலைந்து. மேட்டின் நடுவே முன்பு டிராக்டர் போவதற்காக வெட்டிய ஒரு கணவாய், இப்போது செடி மூடிவிட்டது. அதன் ஓரத்து முள்ளுக்கம்பியில் சாம்பல் மயிர். பங்குனியில் இளம் மரமொன்றின் பட்டை உரிந்து தொங்கியது, கிடாய் மான் கொம்பை உரசியிருக்கிறது. மாலையில் காற்று எப்போதும் வயல் பக்கமிருந்து வீசும் என்பதை எட்டு நாள் மூக்குத் துடைக்கும் ரிஷூத் தாளைக் கிழித்துப் பறக்கவிட்டுப் பார்த்தேன். பரணை வயலுக்குள் தனியாக நிற்கும் ஒரு மரத்தோடு சாய்த்தால் நம் மணம் மானுக்குப் போகும், ஆகவே மேட்டுக் கரையில், கணவாய்க்குப் பக்கவாட்டாக வைக்கவேண்டும். எதிரே மேட்டின் வளைவு வரும், குண்டு தப்பினாலும் மண்ணில்தான் புதையும். எல்லாம் பொருந்திய அன்று சேற்றில் நின்றுகொண்டு தனியாகச் சிரித்தேன்.

சிரித்துவிட்டு என்ன செய்தேன்? போனை எடுத்து அண்ணைக்கு முழுவதையும் சொன்னேன். இலை, படுக்கை, மயிர், பட்டை, காற்று, மேடு, ஒன்றும் விடாமல்.

ஏன் சொன்னாய் என்று கணவர் பிறகு தலையில் அடித்துக்கொண்டு கேட்டார். ஒரு இடத்துக்குப் போட்டி போடுகிற ஆளிடம் யாராவது சொல்வார்களா? ஜெர்மன்காரர் சொல்லமாட்டார்கள். நாங்கள் சொல்வோம். நாங்கள் இங்கே நிலைத்ததே அப்படித்தான். எந்த அந்திராக் விண்ணப்பத்தை எந்த அலுவலகத்தில் கொடுப்பது, எந்த மேசையில் இருக்கும் பெண் நல்லவள், எந்தத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கிறார்கள் என்று முதலில் அறிந்தவர் மற்றவருக்குச் சொல்லாமல் இருந்ததே இல்லை. அறிந்ததை மறைக்கிறவனை நாங்கள் மனிதனாகவே கணக்கெடுப்பதில்லை. அந்தப் பழக்கத்தைக் காட்டுக்குள்ளும் கொண்டுபோனேன். வெள்ளைக்காரக் காட்டுக்குள் இரண்டு தமிழர், அதில் என்ன போட்டி என்றுதான் என் மனதில் இருந்தது. சத்தியமாக அவரை நான் போட்டியாக நினைக்கவே இல்லை.

அடுத்த ஞாயிறு குத்தகைக்காரருக்கு இடத்தைக் காட்டுவதாக இருந்தேன். வேலையில் ஒருத்திக்குச் சுகமில்லை, என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவரோடு குறித்து வைத்த டெர்மினை வரும் சனிக்கிழமைக்குத் தள்ளினேன்.

அந்தச் சனிக்கிழமை போனபோது வேட்டைக் குடிலில் குத்தகைக்காரரும் அண்ணையும் கோப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். குடில் சுவரில் அந்த நிலத்தின் பெரிய வரைபடம் இருக்கும். எந்தப் பரணில் யார் இருக்கிறார்கள் என்று அதில் ஊசி குத்திவிட்டுத்தான் எல்லோரும் போவார்கள், ஒருவரையொருவர் சுட்டுவிடாமல் இருக்க. ஒவ்வொரு பரணுக்கும் ஒரு பெயர் உண்டு. புது இடம் கண்டுபிடித்தவரின் பெயரையே பரணுக்கு வைப்பது அவர்கள் வழக்கம். ரயில் மேட்டுக் கணவாயில் சிவப்பு மையால் புதிதாக ஒரு புள்ளி. பக்கத்தில் அண்ணையின் பெயர்.

அந்தப் பெயரை இரண்டு தரம் வாசித்தேன். குத்தகைக்காரர் உற்சாகமாக, உன் நண்பர் எப்படிக் கண்டுபிடித்தார் என்று நீயும் கேள் என்றார். அண்ணை என்னைப் பார்க்காமல், வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். முதலில் இலை, பிறகு படுக்கை, பிறகு மயிர், பட்டை. நான் சொன்ன அதே ஒழுங்கு. தாளைக் கிழித்துப் பறக்கவிட்டதைக்கூட விடவில்லை. நான் சொன்னதைவிட வடிவாகச் சொன்னார் என்பதுதான் இன்னும் எரிகிறது.

குத்தகைக்காரர் என் பக்கம் திரும்பி, இந்த இடம் உனக்கும் தெரியுமா என்று கேட்டார். அவருக்கு ஏதோ தட்டியிருக்கவேண்டும், நேரே என் கண்ணைப் பார்த்துக் கேட்டார். வாய் திறந்து ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் வந்த யோசனை வேறு. ஜெர்மன்காரருக்கு முன்னால் இரண்டு தமிழர் ஒரு மானுக்காகக் கள்ளன், கள்ளி என்று அடிபடுவதா? பிறகு இந்தக் குடிலுக்குள் எந்தத் தமிழருக்குக் கதவு திறக்கும்? நம்மவர் மானத்தைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, தெரியாது, நல்ல இடம் என்று சொன்னேன். அண்ணை அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். நன்றி இருந்ததா அந்த முகத்தில் என்று தேடினேன். இல்லை, ஆறுதல்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அண்ணையிடம் கேட்டேன். ஞாயிறு நீங்கள் வரவில்லை, அவர் கேட்டார், சும்மா இருக்க ஏலாமல் காட்டினேன், அவராகப் பெயரை எழுதிவிட்டார் என்றார். திருத்தியிருக்கலாமே என்றேன். நேரம் வரேக்கை சொல்லுவம் என்றார். அந்த நேரத்துக்காக நான் வைகாசி வரை காத்திருந்தேன் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். காத்திருந்தேன்.

கிடாய் மான் சுடும் காலம் தொடங்கிய முதல் மாலை என்னைக் குதிரைக் கொட்டிலுக்குப் பக்கத்துப் பரணில் விட்டார்கள். அங்கே குதிரைகளைத் தவிர ஒன்றும் வராது. வெயில் இறங்கும் நேரத்தில் ரயில் மேட்டுப் பக்கம் ஒரு வெடி. ஒன்றே ஒன்று. அண்ணைக்குக் குறி தப்பவில்லை என்று எனக்குத் தெரிந்தது. நான் பரணில் இருந்தபடியே அழுதேன். மானுக்காக இல்லை.

மான் சுட்டவருக்குச் செய்யும் வழக்கப்படி குத்தகைக்காரர் ஒரு சிறு ஊசியிலைக் கொப்பை முறித்து அண்ணையின் தொப்பியில் செருகிக் கை கொடுத்தார். அடுத்து என் முறை. கை கொடுத்தேன், அவர்கள் சொல்லும் வாழ்த்தையும் சொன்னேன். நிரந்தர இடம் உங்களுக்குத்தான், உங்களுக்கு நிலத்தை வாசிக்கும் கண் இருக்கிறது என்று குத்தகைக்காரர் அங்கேயே அவரிடம் சொன்னார். நேரம் வந்து நின்றது. அண்ணை நன்றி சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. என் பரீட்சார்த்த வருடம் முடிய இன்னும் மாதங்கள் இருந்தன. நான் அதற்குப் பிறகு போகவில்லை.

ஐப்பசியில் ஒரு பின்னேரம், வேலை முடிந்து உடுப்பு மாற்றிக்கொண்டு நின்றபோது அண்ணை எனக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், பிள்ளைகளைக் கேட்டார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கோதுமையை வெட்டிவிட்டார்கள், மேட்டுப் பக்கம் இப்போது ஒரு மானும் வருவதில்லை, எல்லாம் வேறெங்கோ போய்விட்டன. பனிக்காலத்துக்குப் புது இடம் பார் என்று குத்தகைக்காரர் கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஆறு கிழமையாக நடந்தும் ஒன்றும் அகப்படவில்லையாம்.

"சனிக்கிழமை ஒருக்கா வாங்கோ தங்கச்சி. எனக்கு ஒண்டும் பிடிபடேல்லை. உங்களுக்குத்தானே அந்தக் கண் இருக்கு."

ஆறு மாதமாக நான் கேட்க ஏங்கிய வார்த்தை. என் காதில் மட்டும், ஒரு சாட்சியும் இல்லாமல்.

"இதை நீங்கள் அண்டைக்கு அங்கை சொல்லியிருக்கலாம் அண்ணை," என்றேன்.

 அவர் மழுப்பவில்லை, கோபிக்கவும் இல்லை.

"சொல்லியிருந்தா இடம் உங்களுக்கெல்லோ போயிருக்கும்," என்றார். "சரி, சனிக்கிழமை எத்தினை மணிக்கு வாறியள்?"

"எனக்கு ஏலாது."

"ஏன் தங்கச்சி," என்றார், உண்மையாகவே விளங்காமல், "அண்டைக்கு வேலையோ?"