எந்த வயலின் நெல்

திருநெல்வேலிக்கு வெளியே, இனி வைத்தியம் பலிக்காது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் சிறிய இல்லம் ஒன்றில் நான் நர்ஸாக இருக்கிறேன். என் ஊர் முக்கூடல். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன்.

அந்தப் பையனை ஆனி மாதக் கடைசியில் கொண்டுவந்தார்கள். பையன் என்று நான்தான் சொல்கிறேன், முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தான். ஜார்க்கண்டிலிருந்து வந்து ராதாபுரம் பக்கம் கட்டடங்களுக்குக் கம்பி கட்டியவன். வயிற்றில் புற்றுநோய். ஊர்வரைக்கும் ரயிலில் அனுப்ப முடியாத அளவுக்கு முற்றிவிட்டது. இங்கேயே பல வருஷம் இருந்ததில் எங்கள் தமிழ் நன்றாக வந்திருந்தது. ஜார்க்கண்டிலேயே வேறு இனத்தைச் சேர்ந்த ஒருவன், கூட வேலை பார்த்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்ப்பான்.

ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது கேட்டான்.

"யக்கா, நான் செத்தா என்ன செய்வீங்க?"

"வீட்டுல இருந்து யாரும் வரலேன்னா இங்கன மயானத்துல எரிச்சிருவோம்."

"நான் இந்து இல்லக்கா. கிறிஸ்தவனும் இல்ல. சர்னா."

அந்தச் சொல்லை நான் அதுவரை கேட்டதில்லை.

"எங்க ஆளுவளுக்கு வேற முறை இருக்கு. அது என்னன்னு எனக்கே தெரியாது. மீசை முளைக்குமுன்னே வேலைக்கு வந்துட்டேன். எங்கப்பா செத்ததுக்கும் போகல, அண்ணன்தான் எல்லாம் செஞ்சான்."

"ஒங்க அண்ணன்ட்ட கேட்டுச் சொல்லேன்."

"அவனுக்கு நான் இப்படிக் கெடக்கது தெரியாது. தெரியவும் வேண்டாம். நீங்க பாத்துச் சொல்லுங்க."

பார்க்கிறேன் என்றேன். எங்கள் மூத்த நர்ஸக்காவுக்கு அது பிடிக்கவில்லை. "ஏட்டி, செத்தபொறவு அவனுக்கு என்ன தெரியப்போவுது? இருக்க வேல பத்தாதுன்னு இதை வேற இழுத்துப் போடுதியே" என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனால் கேட்டவன் உயிரோடு இருந்தான், பதிலுக்காகக் காத்திருந்தான். விடக் கூடாது என்று அப்போதே முடிவுசெய்தேன்.

முதலில் போனில், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடினேன். இந்திப் பக்கங்கள் நிறைய வந்தன. அவற்றை மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் தமிழில் ஏதோ ஒன்றாக வந்தது. 'தெய்வம் வருட மரத்தில் குடியிருக்கிறது' என்று ஒரு வரி. வருட மரம் என்றால் வருஷத்துக்கு ஒருமுறை நடுகிற மரமோ என்று யோசித்துக்கொண்டே போய் அவனிடம் கேட்டேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். இந்தியில் சால் என்றால் வருஷமாம், சால் என்று ஒரு மரமும் உண்டாம். அந்த மரத் தோப்பில்தான் அவர்கள் சாமி இருக்கிறதாம், அந்தத் தோப்புக்குத்தான் சர்னா என்று பெயராம். அவன் சிரித்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

ஒரு வீடியோவில் புதைத்தார்கள். இன்னொன்றில் எரித்தார்கள். ஒரு வலைப்பக்கம் எல்லாம் இந்துக்களைப் போலத்தான் என்றது. இன்னொன்று அப்படிச் சொல்பவர்களைத் திட்டியது. எதை நம்பிக் கொண்டுபோய்ச் சொல்வது?

வாராந்திர விடுமுறையில் பாளையங்கோட்டையில் ஒரு நூலகத்துக்குப் போனேன். பள்ளிக்கூடம் முடித்தபிறகு நூலகத்துக்குள் நான் நுழைந்ததே இல்லை. அங்கிருந்த அம்மா, "ஆராய்ச்சி பண்ணுதீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல மேடம். ஒருத்தருக்குக் காரியம் செய்யணும். முறை தெரியல."

அவர் எழுந்து உள்ளே போனார். வெகுநேரம் கழித்து, அட்டை பிய்ந்த கனமான ஆங்கிலப் புத்தகம் ஒன்றைத் தூக்கிவந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தப் பக்கத்துப் பழங்குடிகளைப் பற்றி அச்சடித்தது. வீட்டுக்குக் கொடுக்கமாட்டார்கள். போனில் அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து படித்தேன். மிச்சத்தை அடுத்தடுத்த விடுமுறைகளில் முடித்தேன்.

தன் இனம் என்று அவன் சொல்லியிருந்தவர்களின் சாவுச் சடங்குக்கு ஒரு முழு அத்தியாயமே இருந்தது. எரிப்பதுதான் வழக்கம். எலும்பைப் பொறுக்கிச் சட்டியில் வைத்திருந்து, அறுவடைக்குப் பின் ஊர் கூடி, அந்தந்தக் குலத்துக்கென்று உள்ள கல்லுக்கடியில் சேர்ப்பார்கள். ஆனால் வயலில் நெல் நிற்கும் காலத்தில் எரிக்கக் கூடாது. புதைத்துவைத்து, அறுவடையானதும் தோண்டியெடுத்து எரிக்க வேண்டும்.

இதை அவனிடம் சொன்னபோது ஆடி பாதி கடந்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே கார் நெல் பச்சையாக நின்றது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எந்த வயலைப் பாக்கணும்க்கா? இங்க உள்ளதா, எங்க ஊர்ல உள்ளதா?"

அதற்குப் புத்தகத்தில் பதில் இல்லை. இவ்வளவு தூரம் வந்து சாகிறவனைப் பற்றி அந்தக் காலத்தில் யார் எழுதியிருப்பார்கள்? சர்னா மாணவர்களின் முகநூல் குழு ஒன்றைத் தேடிப்பிடித்து, அவன் பெயரைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் எழுதினேன். ராஞ்சியிலிருந்து ஒரு பெண் பதில் போட்டாள். 'ஊருக்கு ஊர் மாறும். அவருடைய ஊர்ப் பூசாரிதான் சொல்ல வேண்டும். எந்த ஊர்?'

ஊரைச் சொன்னால் வீட்டுக்குத் தெரிந்துவிடும். போனை மூடிவைத்துவிட்டு அவனிடமே போனேன்.

"நான் படிக்கிறமட்டும் படிச்சாச்சு. இனி ஒங்க வீட்டுலதான் கேக்கணும்."

முகத்தைத் திருப்பிக்கொண்டான். மறுநாளும் கேட்டேன். அதற்கடுத்த நாளும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை நண்பன் வந்தபோது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னேன்: "நான் என்ன செஞ்சாலும் அது ஒரு நர்ஸ் செஞ்சதாத்தான் இருக்கும். ஒங்க அண்ணன் செஞ்சதா ஆகாது."

அவன் நண்பனைப் பார்த்துப் போனுக்காகக் கையை நீட்டினான்.

அண்ணனோடு அவன் பேசியது எனக்குப் புரியவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆண் அழுவது மட்டும் கேட்டது. மறுநாள் அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். நண்பன் எனக்குத் தமிழில் சொன்னான்.

"பூசாரிட்ட கேட்டுட்டாராம்க்கா. இவன் வீட்டு வயலைத்தான் பாக்கணுமாம். இந்த வருசம் அங்க மழை இல்ல. வயலு காஞ்சு கெடக்காம், நெல்லே இல்ல. அதனால எரிக்கலாமாம். அண்ணன் ரயில் ஏறிட்டாரு."

படுக்கையில் இருந்தவன் கண்ணை மூடிக்கொண்டான். "மழ இல்லையாமா?" என்று மட்டும் மெல்லக் கேட்டான்.

அண்ணன் வந்து சேர்ந்தார். தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாதத்தை அமுக்கிவிட்டுக்கொண்டிருப்பார். கையால் சோறும் ஊட்டினார், அவன் இரண்டு வாய் வாங்கிக்கொள்வான். ஒரு மத்தியானம் அண்ணன் பக்கத்தில் இருக்கும்போதே மூச்சு நின்றது.

எரிவாயு மேடை வேண்டாம், எலும்பு கிடைக்க வேண்டும் என்று மயானத்தில் நானே போய்ப் பேசினேன். அங்கிருந்த அண்ணாச்சி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வெறகு அடுக்கிக் குடுக்கேன், பைய நடக்கட்டும்" என்றார். மறுநாள் அண்ணன் சாம்பலுக்குள் எலும்பைப் பொறுக்கி, டவுனில் வாங்கிய மண்சட்டியில் போட்டு, வாயைத் துணியால் கட்டினார். மூத்த நர்ஸக்காவும் கூட வந்து நின்றார்.

தை மாதம் அண்ணன் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஓடைக்கரை, ஒரு பெரிய கல், சுற்றிலும் ஆட்கள். கீழே எழுதியிருந்ததைக் கருவியில் போட்டுப் பார்த்தேன். 'சேர்ந்துவிட்டான்' என்று வந்தது. இந்தமுறை சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இப்போது புதிதாக யார் வந்தாலும், உங்கள் வீட்டில் எப்படிச் செய்வார்கள் என்று நேரம் பார்த்துக் கேட்டுவிடுகிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. போன வாரம் கடலோரத்து அம்மா ஒருவர், "வந்து ஒரு நாளு ஆவல, அதுக்குள்ள என்னைய அடக்கம் பண்ணப் பாக்கியா?" என்று கேட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அங்கேயே உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் போர்வைக்குள்ளிருந்து, சாவுக்கு அடிக்கிற தன் ஊர் மாதா கோயில் மணியைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.